சொன்னவர் யார்? கதைசொல்லிகள் இணையத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் தேட ஒரு முழு வழிகாட்டி

கதை சொல்ல ஆரம்பித்த புதிதில் ஒரு பள்ளி நிகழ்ச்சிக்காக இணையத்திலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொண்டு போனேன். தலைப்புக்கு மேலே ‘ஆப்பிரிக்கப் பழங்குடிக் கதை’ என்று போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முடிந்ததும் ஒரு சிறுமி பக்கத்தில் வந்து, “ஆப்பிரிக்காவில எந்த ஊர்க் கதை அக்கா இது?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். பத்துப் பதினைந்து தளங்களில் அதே கதை, அதே வாக்கியங்களில் இருந்தது. எந்த மக்களின் கதை, எந்த மொழி, யார் சொன்னது, யார் கேட்டு எழுதியது என்று ஒன்றில்கூட ஒரு வரி இல்லை. விடாமல் பின்னால் போனபோது, மேடைப் பேச்சாளர் ஒருவர் தன் உரைக்காகச் சொந்தமாக எழுதியது அது என்று தெரிந்தது. நான் அதை ஒரு மக்களின் சொத்து என்று சொல்லி நூறு பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அப்புறம் என் தேடும் முறையே மாறிவிட்டது. ஒரு கதை கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது சொன்னவரின் பெயரை. பெயர் இல்லாவிட்டால் ஊர். ஊரும் இல்லாவிட்டால் தொகுத்தவர், ஆண்டு. இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாத பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பெயரை நோக்கிப் போகும் வழிகள்தான்.

படி 1: தேடுபெட்டியைத் தொடும் முன்

‘நல்ல நாட்டுப்புறக் கதை’ என்று தேடினால் குப்பைதான் வரும். கையில் ஒரு துண்டாவது இருக்க வேண்டும். சின்ன வயதில் கேட்ட கதையின் ஒரு காட்சி போதும். ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: யார் யார் வருகிறார்கள், எங்கே சிக்கல், எதனால் தீர்கிறது.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடர்வோம். கூண்டில் அடைபட்ட புலி கெஞ்சுகிறது. வழிப்போக்கன் ஒருவன் இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிறான். வெளியே வந்த புலி அவனையே தின்ன வருகிறது. நியாயம் கேட்டு இரண்டு மூன்று பேரிடம் போகிறான், எல்லாரும் புலி பக்கமே பேசுகிறார்கள். கடைசியில் வந்த நரி, “எனக்கு ஒன்றும் புரியவில்லையே, யார் கூண்டுக்குள் இருந்தது?” என்று மறுபடி மறுபடி கேட்டு, புலியையே உள்ளே போய்க் காட்டவைத்துக் கதவைச் சாத்துகிறது. இந்த நாலு வரி இருந்தால் உலகம் முழுக்கத் தேடலாம்.

படி 2: கதைக்கு உள்ள எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கதைசொல்லிகள் பலருக்கும் தெரியாத, தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிற விஷயம் இது. உலகக் கதைகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910-ல் ஆரம்பித்தார். அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் 1928-லும் 1961-லும் அதை விரித்தார். ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-ல் திருத்திப் புதுப்பித்தார். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘ஏடியூ’ எண் என்கிறார்கள். நம் புலிக்கதை ஏடியூ 155. குரங்கு தன் இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்ததாக முதலையிடம் சொல்லித் தப்பிப்பது 91. பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்றுவிடுவது 178ஏ.

இதோடு சேர்ந்த இன்னொரு கருவி, தாம்சனின் ‘மோட்டிஃப்’ அகராதி. முழுக்கதைக்கு எண் போடாமல் கதைக்குள் வரும் ஒரு நிகழ்வுக்கு, ஒரு பொருளுக்கு எண் போடுவது அது. முதலில் 1930-களில் வந்தது, 1955 முதல் 1958 வரை ஆறு தொகுதிகளாக விரிந்தது. நன்றிகெட்ட விலங்கை மறுபடி கூண்டில் அடைக்கும் நிகழ்வுக்கு அதில் ‘ஜே 1172.3’ என்று எண். முழுக்கதை நினைவில் இல்லாமல் ஒரு காட்சி மட்டும் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது பெரிய துணை.

எண் கிடைத்துவிட்டால் தேடுபெட்டியில் ஆங்கிலத்தில் ஏடியூ, எண், கூடவே ‘டேல் டைப்’ என்று போடுங்கள். பெரும்பாலும் முதலில் வருவது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. எல். ஆஷ்லிமன் உருவாக்கிய ‘ஃபோக்லோர் அண்ட் மித்தாலஜி எலக்ட்ரானிக் டெக்ஸ்ட்ஸ்’ தளமாக இருக்கும். பார்க்க மிகப் பழைய பாணிதான், படமும் இல்லை, நிறமும் இல்லை. ஆனால் ஒரே வகைக் கதையின் வெவ்வேறு நாட்டு வடிவங்களை ஒரே பக்கத்தில் வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் எந்த நூல், எந்த ஆண்டு என்று எழுதியிருப்பார். கதைசொல்லி ஒருவருக்கு ஒரே ஒரு தளத்தைக் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்தியக் கதைகளுக்கென்று தாம்சனும் வாரன் ராபர்ட்ஸும் 1960-ல் தனி வகையடைவு வெளியிட்டார்கள். அதில் தேடினால் நம் பக்கத்துக் கதைகள் எந்தெந்தப் பழைய நூல்களில், இதழ்களில் பதிவாகியிருக்கின்றன என்று தெரியும்.

எண் கிடைக்கவில்லை என்றால் கதை போலி என்று அர்த்தம் இல்லை. இந்த அடைவுகள் ஐரோப்பிய ஆவணங்களை அடித்தளமாக வைத்து எழும்பியவை. நம்மிடையே புழங்கும் எத்தனையோ கதைகள் அந்தச் சட்டகத்துக்குள் உட்காராது. குலதெய்வக் கதைகளையும் கதைப்பாடல்களையும் எண் வைத்துத் தேடிப் பயனில்லை. அவற்றுக்குத் தெய்வத்தின் பெயரும் ஊர்ப்பெயரும்தான் திறவுகோல்.

படி 3: ஒரே கதையின் குறைந்தது மூன்று வடிவங்களைப் படியுங்கள்

நம் புலிக்கதைக்கு வருவோம். பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃபிரேரின் மகள் மேரி ஃபிரேர் 1868-ல் வெளியிட்ட ‘ஓல்டு டெக்கான் டேஸ்’ நூலில் இது இருக்கிறது. அதில் பிராமணர் நியாயம் கேட்டுப் போவது ஆறு பேரிடம்: ஆலமரம், ஒட்டகம், காளை, கழுகு, முதலை, கடைசியில் நரி. ஃபுளோரா ஆனி ஸ்டீலும் ரிச்சர்டு டெம்பிளும் 1884-ல் வெளியிட்ட பஞ்சாப் தொகுப்பில் அரசமரம், கிணற்றுச் சக்கரத்தைச் சுற்றிவரும் எருமை, பாதை என்று மூவர், பிறகு நரி. கொரியாவில் சொல்லப்படும் வடிவம் ஒன்றில் புலி குழிக்குள் விழுந்து கிடக்கும். பைன் மரமும் மாடும் புலிக்கு ஆதரவாகப் பேச, முயல் வந்து காப்பாற்றும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது எலும்பு, எது சதை என்று புரிந்துவிடும். மனிதனிடம் அடிபட்ட ஒவ்வொன்றும் மனிதனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதுதான் இந்தக் கதையின் எலும்பு. யார் அந்தச் சாட்சிகள் என்பது ஊருக்கு ஊர் மாறும் சதை. பஞ்சாப் வடிவத்தில் பாதை பேசும் இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். எல்லாருக்கும் உதவுகிறேன், எல்லாரும் என்னை மிதித்துக்கொண்டு போகிறார்கள், பதிலுக்குக் கிடைப்பது புகைக்குழாய்ச் சாம்பலும் தானிய உமியும்தான் என்கிறது அது. ஒரு பாதைக்கு வாய் கொடுத்து, அந்த வாயில் சாம்பலையும் உமியையும் வைத்தவர் யாரோ, அவர் பெரிய கதைசொல்லி. இப்படி ஒரு வரி ஒரு வடிவத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் அது கையில் சிக்காமலே போய்விடும்.

ஜோசப் ஜேக்கப்ஸின் 1892 இந்தியக் கதைத் தொகுப்பிலும் இந்தக் கதை உண்டு. அது ஸ்டீல், டெம்பிள் நூலிலிருந்து எடுத்தது என்று அவரே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதனால் அதைத் தனி வடிவமாக எண்ணக் கூடாது. பழைய தொகுப்பு எதைத் திறந்தாலும் கடைசிப் பக்கக் குறிப்புகளை முதலில் படியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

படி 4: நூல்கள் எங்கே கிடைக்கும்

ஆங்கில நூல்களுக்கு ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’, ‘ப்ராஜெக்ட் குட்டன்பர்க்’ இரண்டும் பெரும்பாலும் போதும். குட்டன்பர்க்கில் எழுத்தாகத் தட்டச்சான பிரதி கிடைக்கும், அதற்குள் தேடுவது எளிது. ஆர்க்கைவில் நூலை அப்படியே ஒளிவருடி வைத்திருப்பார்கள், முன்னுரை, குறிப்பு, படம் எதுவும் விடுபட்டிருக்காது. கதையைக் குட்டன்பர்க்கில் படித்துவிட்டு முன்னுரைக்கு ஆர்க்கைவுக்குப் போவது என் வழக்கம்.

இந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிங்ஸ்கோட்டும் பண்டித நடேச சாஸ்திரியும் 1890-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கதைகளான ‘டேல்ஸ் ஆஃப் தி சன்’, லால் பிகாரி டேயின் வங்கக் கதைகள், 1883, ஹென்றி பார்க்கர் 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த இலங்கைக் கிராமியக் கதைகள். பார்க்கர் கதையின் முடிவில் அது எந்த மாகாணத்தில் கிடைத்தது என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒற்றை வரி எனக்குத் தங்கம்.

பழைய ஆங்கில நூல்களில் தேடும்போது பழைய எழுத்துக்கூட்டல் வேண்டும். திருநெல்வேலி என்று இன்றைய முறையில் போட்டால் வராது, ‘டின்னவெல்லி’ என்று போட வேண்டும். தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருச்சி ‘ட்ரிச்சினாபோலி’, மதுரை ‘மதுரா’.

தமிழில் தேடுவதற்கு வேறு சூட்சுமம் வேண்டும், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘நாட்டுப்புறக் கதைகள்’ என்று ஒற்று போட்டும், ‘நாட்டுப்புற கதைகள்’ என்று ஒற்று இல்லாமலும் இரண்டு முறை தேடுங்கள். முடிவுகள் வேறு வேறாக வரும், ஏனென்றால் பதிவேற்றியவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் கணினி வைத்திருக்கும். பிறகு பெயரை மாற்றுங்கள்: நாட்டார் கதைகள், நாடோடிக் கதைகள், வாய்மொழிக் கதைகள், கிராமியக் கதைகள், செவிவழிக் கதைகள், கர்ண பரம்பரைக் கதைகள். ‘நாட்டார்’ என்ற சொல் இலங்கைத் தமிழ் நூல்களில் அதிகம் கைகொடுக்கும். ‘கர்ண பரம்பரை’ பழைய நூல்களைக் கொண்டுவரும். பாடல் வடிவில் வேண்டும் என்றால் கதைப்பாடல், அம்மானை, கும்மி, வில்லுப்பாட்டு. வட்டாரம் தெரிந்தால் அதையும் சேருங்கள்: கரிசல், கொங்கு, நாஞ்சில், வன்னி, மட்டக்களப்பு.

இனி எங்கே தேடுவது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுநூல்களும் இதழ்களும் ஏராளம். ஈழத்து நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் 2005-ல் தொடங்கிய நூலகம் தளம். அதே நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் ஒலி, ஒளிப்பதிவுகளும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியமே அதிகம் என்றாலும் சில கதைப்பாடல்களும் கிடைக்கும். விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களைத் தொண்டர்கள் பக்கம் பக்கமாகத் தட்டச்சுச் செய்து, மூலப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான கதைத் தளமான ஸ்டோரிவீவரில் தமிழ்ப் பிள்ளைக் கதைகள் நிறைய உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்றைய எழுத்தாளர்கள் புதிதாக எழுதியவை. நாட்டுப்புறக் கதை என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள்.

ஒளிவருடிய பழைய தமிழ் நூல்களுக்குள் சொல் தேடல் பல நேரம் வேலை செய்யாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான நூல்களில் ணை, லை, னை, றா போன்ற எழுத்துகளின் பழைய வடிவம் இருக்கும், கணினி அவற்றைத் தப்பாகப் படித்துவிடும். தேடி வரவில்லை என்றால் நூலில் இல்லை என்று முடிவு கட்டாமல் பொருளடக்கத்தைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

ஆய்விதழ்களில் ‘ஓரல் ட்ரடிஷன்’, ஜப்பானின் நன்ஸான் பல்கலைக்கழகம் வெளியிடும் ‘ஏஷியன் எத்னாலஜி’ இரண்டையும் இலவசமாகவே படிக்கலாம். கட்டுரையின் நடையைக் கண்டு பயப்படாமல் நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். கதையின் முழுப்பாடமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 5: காதால் தேடுங்கள்

எழுத்தில் வந்த கதை ஏற்கெனவே யாரோ ஒருவர் கைபட்டுச் செதுக்கியது. கிரிம் சகோதரர்கள் 1812-ல் முதல் பதிப்பு வெளியிட்டபோது ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். அச்சில் இப்படி நடப்பதை நாம் கண்டுபிடிக்க முடிவது இரண்டு பதிப்பும் கையில் இருப்பதால்தான். ஒலிப்பதிவில் சொன்னவரின் மூச்சே கேட்கிறது.

அயர்லாந்தின் தேசிய நாட்டார் தொகுப்பு ‘டூகஸ்’ என்ற தளத்தில் இருக்கிறது. இது எழுத்துதான், ஆனால் குரலுக்கு மிக நெருங்கிய எழுத்து. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் தம் வீட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் பிள்ளையின் கையெழுத்து, எழுதிய பிள்ளையின் பெயர், பல இடங்களில் சொன்னவர் பெயரும் வயதும் ஊரும். முதன்முறை பார்த்தபோது நான் கதையைப் படிக்கவே இல்லை, அந்தப் பெயர்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

குரலாகவே வேண்டும் என்றால் ஸ்காட்லாந்தின் ‘கிஸ்ட் ஓ ரிச்சஸ்’. 1930-களிலிருந்து பதிவான பல்லாயிரம் ஒலித்துண்டுகள், கேலிக், ஸ்காட்ஸ் மொழிகளில், ஆங்கிலச் சுருக்கத்தோடு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1976-ல் உருவான நாட்டார் வாழ்வியல் மையத்தின் சேகரிப்பும் மிகப் பெரியது. அழிவின் விளிம்பில் இருக்கும் மொழிகளுக்கு ‘ஈலார்’ ஆவணகம், பசிபிக் தீவுகளுக்கு ‘பாரடிசெக்’, இன்னும் பல மொழிகளுக்கு பிரான்சின் ‘பாங்க்ளாஸ்’. பாங்க்ளாஸில் ஒலி ஓட ஓட, வரிவரியாக மூலமொழியும் மொழிபெயர்ப்பும் தெரியும். மொழி தெரியாத கதைசொல்லிக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

மொழி புரியாத பதிவை முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். எங்கே வேகம் கூடுகிறது, எங்கே நிற்கிறார், கேட்பவர் எங்கே ‘உம்’ கொட்டுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் தடவை மொழிபெயர்ப்போடு. மூன்றாம் தடவை எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். நாட்டார் கதைசொல்லிகள் திரும்பச் சொல்வதை அச்சுக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். மேடையில் நமக்கு வேண்டியதே அந்த வெட்டுப்பட்ட பகுதிதான்.

படி 6: வாய்மொழி வரலாற்றில் தேடும் முறை வேறு

வாய்மொழி வரலாறு என்பது ஒருவர் தான் வாழ்ந்ததைத் தன் வாயால் சொல்லிப் பதிவானது. கதைக்கு எண் உண்டு, வாழ்க்கைக்கு இல்லை. அதனால் நிகழ்ச்சி, இடம், தொழில், ஆண்டு ஆகியவற்றை வைத்துத் தேட வேண்டும். தேடும் சொல் ஆவணக் காப்பாளரின் சொல்லாக இருப்பதும் முக்கியம்: வாய்மொழி வரலாறு, நேர்காணல், நினைவுக்குறிப்பு, வாழ்க்கை வரலாறு. மூன்று மணி நேர நேர்காணல் ஒன்று கிடைத்தால் கூடவே எழுத்துப்படியோ நேரக்குறிப்போடு கூடிய உள்ளடக்கமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ‘கிணறு’, ‘வெள்ளம்’, ‘கல்யாணம்’ என்று தேடி நேரே அந்த நிமிடத்துக்குப் போய்விடலாம்.

பிரிவினைக் காலத்தை உயிரோடு கடந்தவர்களின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சாட்சியங்களை ‘1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்’ சேகரித்திருக்கிறது, அதில் ஒரு பகுதியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் வழியாக இணையத்தில் காணலாம். பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ தளத்தில் கிராமத்து வாழ்க்கைகள் தமிழிலேயே படிக்கக் கிடைக்கின்றன. அங்கேயே மராட்டியப் பெண்கள் திரிகை சுற்றும்போது பாடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களின் தொகுப்பும் உண்டு.

இவற்றைப் படிக்கும்போது கேள்வி கேட்டவர் யார் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்தவர்களிடம் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் எடுத்தார்கள். ஈடு இணையற்ற சேகரிப்பு. ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சொன்னவர்களோ வறுமையில் வாடிய முதியவர்கள், பலர் பழைய எஜமானர்களின் குடும்பங்கள் இருந்த அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் அழுதுகொண்டே சொன்ன தன் வாழ்க்கையை ‘ஒரு ஊரில் ஒரு பெண்’ என்று கதையாக்கி மேடையேற்றாதீர்கள். ஆவணகத்தில் இருப்பது கேட்பதற்கான அனுமதி, நடிப்பதற்கான அனுமதி வேறு. நான் வாய்மொழி வரலாற்றை நிலமாகப் பயன்படுத்துகிறேன். அந்தக் காலத்தில் லாந்தர் எப்படி ஏற்றினார்கள், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், பயத்தில் மனிதர் என்ன பேசினார்கள் என்பதை அங்கே கற்றுக்கொண்டு, சொல்லும் கதையை வேறிடத்திலிருந்து எடுக்கிறேன்.

படி 7: கிடைத்ததை எடை போடுங்கள்

மேரி ஃபிரேரின் நூலில் ஓர் அரிய பகுதி உண்டு. கதைகளைச் சொன்னவர் அவர்கள் வீட்டில் ஆயாவாக இருந்த அன்னா லிபராட்டா டி சௌசா. கதைகளுக்கு முன்னால் அன்னாவின் வாழ்க்கையும் அவர் சொன்னபடி அச்சாகியிருக்கிறது. தன் பாட்டியிடம் இந்தக் கதைகளைக் கேட்டதாகச் சொல்கிறார். ஆக, 1868-ல் அச்சான நூலுக்குப் பின்னால் ஒரு ஆயா, அந்த ஆயாவுக்குப் பின்னால் ஒரு பாட்டி. அட்டையில் இருப்பதோ மூன்றாவதாக ஒருவர் பெயர். அன்னா பேசிய ஆங்கிலத்தை ஃபிரேர் திருத்தி எழுதியிருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு நூலை எடை போடுவது என்றால் இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் தெரிகின்றன, எவை மறைந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தமிழகத்தில் நேரில் கேட்டுப் பதிந்த கதைகளை 2001-ல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். சங்கிலி தெளிவாகத் தெரியும் தொகுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க அது நல்ல உதாரணம்.

ஒரே சொற்களில் பல தளங்களில் ஓடும் கதை, கடைசியில் அழகாக ஒரு நீதியோடு முடியும் கதை, ‘பழமையான ஞானக் கதை’ என்று மட்டும் சொல்லும் கதை: இவை எதிர்ப்பட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அது எங்கிருந்து பரவியது என்று பல நேரம் தெரிந்துவிடும்.

படி 8: சொல்லலாமா?

கதைக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் எழுதிய வடிவத்துக்கு உண்டு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள், இலங்கையில் 70 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. இரண்டு மூன்று வடிவங்களைப் படித்துவிட்டு உங்கள் சொல்லில் சொன்னால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஒரே ஒருவருடைய வாக்கியங்களை மனப்பாடம் செய்து சொன்னால் அனுமதி கேளுங்கள். படைத்தவரே நிபந்தனை சொல்லிப் பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘மாற்றங்கள் கூடாது’ என்ற குறி இருந்தால் அதை நம் விருப்பப்படி மாற்றிச் சொல்வதும் உரிமத்துக்குள் அடங்காது. ‘வணிகமல்லாத’ குறி இருந்தால் கட்டண நிகழ்ச்சிக்கு ஆகாது.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. ஆவணகங்கள் சிலவற்றில் பதிவின் பக்கத்தில் ‘டிகே லேபிள்’ (மரபு அறிவுக் குறி) என்று சின்ன அடையாளங்களைப் பார்ப்பீர்கள். அந்தக் கதைக்குரிய மக்களே வைத்த குறிப்பு அது. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் கேட்க வேண்டியது, பெண்கள் மட்டும் கேட்க வேண்டியது என்றெல்லாம் அதில் இருக்கும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரிடம் சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். அப்படிக் குறி இருந்தால் நான் அந்தக் கதையை எடுப்பதில்லை, எவ்வளவு பிடித்திருந்தாலும்.

படி 9: உடனே குறித்து வையுங்கள்

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, அதன் ஒலிப்பதிவுகள் உட்படப் பல சேவைகள் முடங்கிப்போயின. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படி. அதனால் நல்ல பக்கம் கிடைத்தால் அதன் முகவரியை இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் ‘வேபேக் மெஷினில்’ கொடுத்து ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். பதிவிறக்க அனுமதி இருந்தால் பதிவிறக்கியும் வையுங்கள்.

குறிப்பேட்டில் ஒரு கதைக்கு நான் எழுதுவது இவ்வளவுதான்:

நன்றிகெட்ட புலி. ஏடியூ 155. சொன்னவர்: அன்னா லிபராட்டா டி சௌசா, பாட்டியிடம் கேட்டது. எழுதியவர்: மேரி ஃபிரேர், 1868. பார்த்த இடம்: இன்டர்நெட் ஆர்க்கைவ். ஒப்பிட்டது: ஸ்டீல், டெம்பிள், 1884, பஞ்சாப், கொரிய வடிவம், முயல். எடுத்துக்கொண்டது: பாதையின் பேச்சு, பஞ்சாபிலிருந்து. உரிமை: காலாவதி.

நிகழ்ச்சியில் கதைக்கு முன்போ பின்போ இதிலிருந்து இரண்டு வரி சொல்லிவிடுவேன். எந்த ஊர்க் கதை என்று பிள்ளைகள் இப்போது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது.

தேடல் முட்டிக்கொண்டால்

மனிதரிடம் கேளுங்கள். ஆவணகத் தளங்களில் தொடர்பு முகவரி இருக்கும், அதன் மறுபக்கம் இருப்பவர்களுக்கு இப்படியான கேள்விகள் பிடிக்கும். கடிதம் சிறியதாக இருக்கட்டும். நான் ஒரு கதைசொல்லி. இன்ன கதையைத் தேடுகிறேன், அதன் சுருக்கம் இது. இந்த இந்த இடங்களில் தேடிவிட்டேன், இவ்வளவு கிடைத்தது. உங்கள் சேகரிப்பில் இணையத்தில் ஏறாத பதிவு ஏதும் உண்டா? பெரிய ஆவணகங்களில் இணையத்துக்கு வந்திருப்பது ஒரு பகுதிதான், மீதி ஒலிநாடாவிலும் அட்டைப்பெட்டியிலும் இருக்கிறது. நாம் தேடும் கதையைப் பற்றி அவர்களிடமே இல்லாத ஒரு தகவல் நம்மிடம் இருந்தால், உதாரணமாக அதே கதையை நம் வீட்டுப் பாட்டி வேறு மாதிரி சொல்வார் என்றால், அதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். அவர் பெயரோடு, ஊரோடு, அவரிடம் கேட்டுவிட்டு.